இனிஷியலில் சிக்கி நிற்கும் அப்பாவின் பங்குகள்

வணக்கம். அப்பா 1996-ல் வாங்கிய ஒரு மருத்துவமனை நிறுவனத்தின் 200 பங்குகளை என் பெயருக்கு மாற்ற முடியாமல் நிற்கிறேன். ஊர் மதுரை. எல்லாம் காகிதச் சான்றிதழ்கள். பீரோவில் ஒரு மஞ்சள் பைக்குள் பாச்சை உருண்டை வாசனையோடு கிடைத்தன. அப்பா மட்டும்தான் உரிமையாளர், நாமினி இல்லை. 2021-ல் காலமானார்.

சிக்கல் இனிஷியல்தான். பங்குச் சான்றிதழில் ஒற்றை எழுத்து; பான் கார்டிலும் இறப்புச் சான்றிதழிலும் தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது. நம் பக்கம் யார் வீட்டில்தான் இது இல்லை!

இறந்தவரின் பங்குகளை வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கும் ஐஎஸ்ஆர்-5 படிவம், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிய கடிதம், அப்புறம் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம், எல்லாம் நிறுவனத்துக்காகப் பங்குக் கணக்கைப் பராமரிக்கும் பங்குப் பதிவாளருக்கு அனுப்பினேன். 'பெயர் பொருந்தவில்லை' என்ற ஒரே வரியோடு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மதிப்பு 5 லட்சத்துக்குக் கீழ் என்பதால் கோர்ட் பக்கம் போகவில்லை. 2020-லிருந்து டிவிடெண்டும் வாங்கவில்லை. தொடர்ந்து 7 ஆண்டு ஆனால் பங்குகளே ஐஇபிஎஃப்-க்கு (கேட்பாரற்ற பங்குகள் போய்ச் சேரும் அரசு நிதி) போய்விடும்.

இறந்தவரின் பெயர் வேறுபாட்டுக்கு உங்களில் யாருக்காவது எந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்டார்கள்?