தம்பியை இழந்த என் அக்கா மகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னை காசிமேட்டில் இருக்கிற என் அக்கா மகளுக்கு 13 வயது. கார்த்திகையில் காய்ச்சல் வந்து அவள் தம்பி போய்விட்டான். இவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

சின்னதிலிருந்தே பிடிவாதக்காரி. இப்போது அவனுடைய கேரம் போர்டை யாரையும் தொடவிடுவதில்லை. தினமும் பவுடர் போட்டு, அவன் ஆட்டத்தையும் சேர்த்துத் தானே ஆடுகிறாள். ‘பாவம்’ என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறாள். அக்காவைத் தேற்றுவதும் இவள்தான். எனக்குப் பயமே அதுதான்.

அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் பேசலாம் என்றால் போனை வாங்க மாட்டேன் என்கிறாள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதா, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த ஆலோசகர் இருந்தாலும் சொல்லுங்கள். ‘அழுதுடும்மா’ என்று வற்புறுத்தாதவராக இருந்தால் போதும்.