கட்டடக் கலையும் பொதுவெளிச் சிற்பமும்: இரண்டையும் ஒருவரே செய்ய இயலுமா?

பாளையங்கோட்டைத் தந்தை:
வணக்கம். என் மகள் கட்டடக் கலைப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருக்கிறாள். கட்டடங்களுடன், பூங்காக்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் நிற்கத் தக்க பெரிய சிற்பங்களையும் உருவாக்க விரும்புகிறாள். இரண்டையும் தொழிலாகக் கொள்ள முடியுமா, அல்லது ஒன்று மற்றதை விழுங்கிவிடுமா?

அம்பாசமுத்திரத்து வாசகர்:
அமெரிக்கரான மாயா லின் 1981இல், யேல் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோதே, 1,421 வடிவமைப்புகள் வந்த போட்டியில் வென்று, வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவகத்தை வடிவமைத்தார். சிலையே இல்லாத அந்தக் கறுப்புச் சுவர் முதலில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. (கல் நம் கர்நாடகத்திலிருந்து சென்றது!) பின்னர் அவர் நூலகங்களையும், நிலத்தையே அலைகளாக வடித்த கலைப்படைப்புகளையும் மாறிமாறிச் செய்தார்.

வள்ளியூர் பொறியாளர்:
அவ்வளவு தூரம் போவானேன்? கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி, கோயில்களையும் கட்டியவர். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், எஞ்சிய 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை என்று அளவையே பொருளாக்கியவர். கடற்காற்றையும் அலையையும் தாங்கும் கணக்குத் தெரியாமல் இத்தகைய சிற்பம் நிற்காது. மகளின் படிப்பு அங்கேதான் கைகொடுக்கும். ஆனால் தொடக்கத்தில் வருமானம் வீட்டு வரைபடங்களிலிருந்துதான் வரும். சிற்பப் பணிக்கான தொகை தாமதமாகவே கைக்கு வரும் என்பது என் அனுபவம்.

பாளையங்கோட்டைத் தந்தை:
நன்றி. தூணும் சிற்பமும் ஒரே கல்லாக நிற்கும் கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு ஞாயிறன்று அவளை அழைத்துச் செல்கிறேன்.