1996 போர்டோ: டிகேன்டரா, நேரா கிளாஸா?

இந்திராநகர்வாசி:
வர்ற சனிக்கிழமை இந்திராநகர்ல அஞ்சு பேர் சேர்ந்து ஒரு 1996 போயாக் ரெட் ஒயின் திறக்கறோம். பிரான்ஸ்ல போர்டோ பகுதி, ஆத்தோட இடது கரை ஊர், பெரும்பகுதி கேபர்னே சாவின்யோன் திராட்சை. ஒயின் ஃப்ரிட்ஜ்ல 13 டிகிரியில படுத்திருக்கு, ஒயின் மட்டம் பாட்டில் கழுத்தோட அடியில நிக்குது. ரெண்டு மணி நேரம் முன்னாடியே டிகேன்டர்ல, அதாவது கண்ணாடிக் குடுவையில, காத்தாட ஊத்தி வைக்கணும்னு ஒரு கட்சி, கூடவே கூடாதுன்னு ஒரு கட்சி. எது சரி?

கார்க்கன்:
கூடாது. இந்த வயசுல பழ வாசனை மங்கி சிடார் மரம், புகையிலை, ஈர இலைன்னு மெல்லிசான வாசனைகள்தான் மிச்சம். காத்துல விட்டா முதல்ல பறக்கறது அதுதான். போர்டோ ஒயின் பேராசிரியர் எமீல் பெய்னோவும் வண்டல் இருந்தா மட்டும் டிகேன்டர், அதுவும் பரிமாறப் போற நேரத்துலன்னு சொன்னவர்தான்.

வியாழன் சாயங்காலமே பாட்டிலை நிமிர்த்தி வைங்க, 48 மணி நேரத்துல வண்டல் இறங்கிடும். சுருள் திருகி வேணாம், பழைய கார்க் நடுவுல பொடிஞ்சு உள்ளே விழும். ரெண்டு தகடு இருக்கற ஆ-சோங்கற கார்க் எடுப்பான் வாங்குங்க. நீளத் தகடை முதல்ல கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல விட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டி இறக்கி, திருகிக்கிட்டே மேலே இழுக்கணும். நேரா அமுக்கினீங்கன்னா கார்க் உள்ளே போயிடும்.

நந்திமலை:
பழசுன்னாலே நோஞ்சான்னு முடிவு கட்டிட்டீங்களே கார்க்கன் சார். 1996ல இடது கரை கேபர்னே நல்லா பழுத்த வருஷம். புளிப்பும், துவர்ப்பு தர்ற டேனினும் ரெண்டுமே தூக்கல். திறந்த உடனே முகர்ந்துட்டு "ஒண்ணுமில்ல"ன்னு மார்க் போட்டா குறை ஒயின்கிட்ட இல்ல.

இன்னொண்ணு. பாட்டில்ல இருந்து நேரா அஞ்சு கிளாஸுக்கு ஊத்தினா அஞ்சு தடவை சாய்ச்சு நிமிர்த்தணும், ஒவ்வொரு தடவையும் அடி கலங்கும். கடைசி ரெண்டு பேர் குடிக்கறது கசப்பும் கசடுமா வேற ஒயின். அப்புறம் எதை வச்சு ஒப்பிடுவீங்க?

கார்க்கன்:
வண்டல் பிரிக்கறது வேற, காத்தாட விடறது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. முதல் வேலைக்கு நான் எதிரி இல்ல. கழுத்துக்குக் கீழே மொபைல் டார்ச்சை வச்சு, நடுவுல நிறுத்தாம மெதுவா ஊத்தணும். புகை மாதிரி ஒரு கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்க. 40 மில்லி போல அடியில தங்கும், போகட்டும். இதைப் பரிமாற 10 நிமிஷம் முன்னாடி செஞ்சா போதும், வாசனை வெளியே வராம இறுக்கமா இருந்தா கிளாஸ்லயே விரியும்.

நந்திமலை:
பாரிஸ் குளிர்காலத்துல விரியும். பெங்களூர் ஏப்ரல்ல ஹால் 28 டிகிரி சார். கிளாஸ்ல 60 மில்லியை 17 டிகிரியில ஊத்தினா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல 20ஐத் தாண்டிடும். ஆல்கஹால் மூக்குல ஏறி மத்ததை அமுக்கிடும். டிகேன்டரையாவது குளிர்ந்த தண்ணிப் பாத்திரத்துல நிறுத்தி 16, 18 டிகிரிக்குள்ள பிடிச்சு வைக்கலாம். ரெண்டு மணி நேரம் அதிகம்தான், முக்கால் மணி போதும். 10 நிமிஷம்னு சொல்றது வெறும் பயம்.

டொம்லூர் துவர்ப்பு:
ரெண்டு பேரும் காத்தை விட்டு இறங்கவே மாட்டேங்கறீங்க. பாட்டில் நல்லா இருக்கான்னு முதல்ல பாருங்கய்யா. கார்க் மேலே தள்ளியிருந்தா, இல்ல மூடித் தகட்டுக்கு அடியில பிசுக்கு இருந்தா, எப்பவோ வெயில்ல வெந்த சரக்கா இருக்கலாம். வேகவச்ச பழ வாசனை வரும், முக்கால் மணி விட்டாலும் திருந்தாது. ஈர அட்டைப்பெட்டி வாசனைன்னா கார்க்ல இருந்து இறங்கற டிசிஏங்கற வேதிப்பொருள், கார்க் கெட்டது. காத்து பட்டா அது பெரும்பாலும் இன்னும் தெளிவாத்தான் தெரியும். நெயில் பாலிஷ் நெடியும் அடிபட்ட ஆப்பிள் வாசனையும் அப்படித்தான், காத்தால சரியாகாது. அவிச்ச முட்டை வாசனை மட்டும்தான் கிளாஸைச் சுழட்டினா பெரும்பாலும் போகும்.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேணாம். நிறமியும் டேனினும் சேர்ந்து கனமாகி வண்டலா இறங்கறதால விளிம்பு செங்கல் நிறமாகறது இயல்பு. நடுவுலயும் டீ டிகாஷன் மாதிரி பழுப்பா இருந்தாத்தான் கவலை.

இந்திராநகர்வாசி:
முட்டை வாசனைக்குச் செம்புக் காசு போடணும்னு படிச்சேன். வீட்டுல செம்புச் சொம்பே இருக்கு, அதுல ஊத்தலாமா?

டொம்லூர் துவர்ப்பு:
வேணாம். செம்பு அந்தக் கந்தக வாசனையைப் பிடிக்கும்ங்கறது உண்மை. ஆனா ஒயினோட புளிப்பு ஈயம் பூசாத சொம்புல இருந்து செம்பையும் இழுத்துக்கும். ஒரு ரூபாய்க் காசும் போட்டுடாதீங்க, அது எஃகு.

திறந்ததும் 20 மில்லி ருசி பாருங்க. சிடார் உடனே வந்தா கார்க்கன் சொன்ன 10 நிமிஷம். வாசனையே வராம ஈறு வறண்டு இழுத்தா நந்திமலை சொன்ன முக்கால் மணி.

நந்திமலை:
அதை 13 டிகிரியில பார்க்காதீங்க. குளிர்ல வாசனை அமுங்கும், துவர்ப்பு தூக்கும். நல்லா விரிஞ்ச ஒயினும் இறுக்கமாத்தான் தெரியும்.

கார்க்கன்:
அதுக்காக அரை மணி முன்னாடி வெளியே எடுத்து, நிமிர்ந்தபடியே ஆடாம வைங்க. திறந்து ஊத்தின துளியில தெர்மாமீட்டரை விட்டு 16 வந்தாச்சான்னு பார்த்துட்டு ருசி பாருங்க. முக்கால் மணிக்கு மட்டும் நான் வரல.