டெக்சாஸ் பள்ளிச் சேர்க்கை: தடுப்பூசி விலக்குக்கு நம்மூர் மருத்துவரின் கடிதம் செல்லுமா?

வைகைக்கரை:
வணக்கம். வரும் ஆகஸ்டில் மதுரையிலிருந்து டாலஸ் அருகே உள்ள பிளேனோவுக்குக் குடிபெயர்கிறோம். ஐந்து வயது மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிகள் எல்லாம் அட்டையில் தேதியோடு பதிவாகியுள்ளன. அவளுக்கு முட்டை ஒவ்வாமை இருப்பதால் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான) ஊசி வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பள்ளி ஏற்குமா? கலிஃபோர்னியாவில் உள்ள என் மைத்துனர், விருப்பத்தின் பேரில் விலக்குப் பெறும் பேச்சுக்கே இடமில்லை என்கிறார். டெக்சாஸின் ஹூஸ்டனில் உள்ள நண்பரோ ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

சான்_ஹோசே_வாசி:
இருவர் சொல்வதும் அவரவர் மாநிலத்துக்குச் சரி. அமெரிக்காவில் இது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கலாம் என்று 1905இல் மாசசூசெட்ஸ் வழக்கிலும், ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்று 1922இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து சென்ற வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் சட்டம் இயற்றிக்கொண்டது. மருத்துவக் காரண விலக்கு மட்டுமே ஐம்பது மாநிலங்களுக்கும் பொது. 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பிறகு, கலிஃபோர்னியா 2015இல் சட்டம் இயற்றித் தனிப்பட்ட நம்பிக்கையின் பேரிலான விலக்கை நீக்கியது. நியூயார்க் 2019இல் மத விலக்கை எடுத்துவிட்டது. டெக்சாஸ் இதற்கு நேர்மாறாக, மனசாட்சியின் பேரிலும் விலக்குப் பெறலாம் என்று 2003இல் வழிசெய்தது. 2025 செப்டம்பர் முதல் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பள்ளிச்_செவிலி:
டெக்சாஸ் பள்ளியொன்றில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கடிதம் செல்லாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் நீடிக்கும் குறை என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதைவிட முக்கியமானது, முட்டை ஒவ்வாமை எம்எம்ஆருக்குத் தடையே அன்று. முன்பு போட்ட ஊசிக்கோ அதிலுள்ள ஒரு பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியிருந்தாலோதான் அதைத் தவிர்ப்போம்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு அட்டவணைப்படி ஒன்பதாம் மாதம் போட்ட எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி, முதல் பிறந்தநாளுக்கு முந்தையது என்பதால் இங்கே கணக்கில் வராது. அடுத்துப் போட்ட எம்ஆரில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் அமெரிக்காவில் கணக்கில் எடுப்பதில்லை. சின்னம்மைக்கும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ நோய்க்கும் டெக்சாஸ் இரண்டிரண்டு ஊசி கேட்கிறது, அவை நம்மூர் அரசு அட்டவணையில் கிடையாது. முறையாக ஊசி போட்டு வந்த குடும்பங்கள்கூட இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வயதுக்குரிய ஓர் ஊசியாவது போட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, மீதியை உரிய இடைவெளியில் முடிக்கச் சொல்வார்கள்.

எல்_பாசோ_அப்பா:
இத்தனை அலைச்சலுக்கு மனசாட்சிப் படிவமே மேல் அல்லவா? சட்டம்தான் அனுமதிக்கிறதே.

பள்ளிச்_செவிலி:
அனுமதிக்கிறது, மறுக்கவில்லை ஐயா. ஆனால் தொற்றுநோய் அவசரநிலையை மாநிலச் சுகாதார ஆணையர் அறிவித்தால் விலக்குப் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் நிறுத்தி வைக்கலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 2025இல் கெயின்ஸ் மாவட்டத்தை மையமாகக் கொண்டு மேற்கு டெக்சாஸில் பரவிய தட்டம்மை 762 பேரைத் தாக்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தனர், இருவருமே ஊசி போடாதவர்கள். கொள்கையளவில் ஊசியை மறுப்பவர்களோடு வாதிடும் எண்ணம் எனக்கில்லை. நேரம் போதவில்லை என்பதற்காக மனசாட்சியின் பேரில் உறுதிமொழி கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வைகைக்கரை:
மிக்க நன்றி அம்மா. எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ மூன்றும் இங்கே தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் கிடைக்கின்றன. எங்கள் மருத்துவரிடம் முட்டை விஷயத்தை மறுபடியும் பேசிவிட்டு முதல் சுற்றை இந்த மாதமே போடலாம் என்றிருக்கிறோம். எம்எம்ஆரையும் சின்னம்மையையும் ஒரே நாளில் போடலாமா?

பள்ளிச்_செவிலி:
போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் இரண்டுக்கும் இடையே 28 நாள் விட வேண்டும். சின்னம்மையின் இரண்டாம் ஊசிக்கு மூன்று மாத இடைவெளி தேவை. அட்டையில் தேதியை நாள், மாதம், ஆண்டோடு தெளிவாக எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவதால் மாதத்தின் பெயரை எழுத்திலேயே போடச் சொல்லுங்கள்.