கரிமூட்டத்தில் மிஞ்சிய தூளை வயலில் போடலாமா?

முதுகுளத்தூர் சம்சாரி:
எங்கள் பக்கம் வேலிக்கருவையை வெட்டி, மண் அப்பி மூடி எரித்துக் கரியாக்க மூட்டம் போடுவது தெரிந்ததுதான். மாசியில் என் புஞ்சை ஓரத்திலும் ஒன்று போட்டார்கள். கட்டிக்கரியை மூட்டை பிடித்து லாரியில் ஏற்றிவிட்டு, தூளை அப்படியே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு விலை இல்லையாம். ஒரு டிராக்டர் டிப்பர் தேறும். இதை மண்ணில் போட்டால் விளைச்சல் கூடும், பூமி சூடாவது குறையும், காற்றில் கரியமில வாயுவைக் குறைத்ததற்குத் தரும் கார்பன் கிரெடிட் என்று காசும் வரும் என்கிறான் மருமகன், யூடியூப் பார்த்துவிட்டு. எனக்குப் பாதி கரிசல், பாதி மணல் கலந்த செவல். இரண்டிலும் மானாவாரி முண்டு மிளகாய். போடலாமா? எவ்வளவு?

காளையார்கோவில் கண்மாய்க்கரை:
செவலில் போடுங்க அண்ணே, கரிசலை விட்டுடுங்க. கரிசல் தானாகவே ஈரம் பிடிக்கும், காரத்தன்மையும் இருக்கும். கரியும் அதே குணம்தான். போட்டால் இரும்பு, துத்தநாகச் சத்து செடிக்குக் கிடைப்பது இன்னும் சிரமமாகும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரியும் மீன் முள்ளும் அடுப்படிக் கழிவும் போட்டு உண்டாக்கிய கறுப்பு மண் பல நூற்றாண்டு கழித்தும் வளமாக இருப்பது உண்மை. ஆனால் அது புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது; கரிசலுக்கு நேர் எதிர். வீடியோக்காரர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

வெறும் கரியாகப் போடாதீங்க. தழைச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும், நாற்று வெளிறிப்போகும். நான் தூளைச் சலித்து, சரிக்குச் சரி ஆட்டுப்புழுக்கை கலந்து, கோமியம் தெளித்து, பனை ஓலையால் மூடிவிடுவேன். ஒரு மாதத்தில் குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருக்காது, கோமிய வாடையும் போயிருக்கும். கரியை மட்டும் கணக்கிட்டு சென்டுக்கு 40 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 10 டன். அதற்கு மேல் வேண்டாம்.

விருதுநகர் வாத்தியார்:
மருமகன் சொல்வது பாதி சரி. மரம் காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுதான் அந்தக் கரி. டீக்கடை அடுப்பில் எரித்தால் திரும்பக் காற்றுக்கே போய்விடும். மண்ணுக்குள் போனால் அதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மக்காமல் கிடக்கும். கரியில் முக்கால் பங்கு கார்பன் என்று வைத்தால், ஒரு டன் கரி சுமார் 2.75 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

ஆனால் மண் அப்பிய மூட்டத்தில் வெள்ளையாக எழும் புகை இருக்கிறதே, அதில் மீத்தேன் உண்டு. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும், கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். உங்கள் தூள் எப்படியும் மிஞ்சியது, தாராளமாகப் போடலாம். இதற்கென்று புதிதாக மூட்டம் மட்டும் போடாதீர்கள். பருத்திமாரும் துவரைமாரும் (அறுவடை முடிந்து மிஞ்சும் குச்சிகள்) இருந்தால், வாய் அகன்று அடி குறுகிய குழி வெட்டி, காய்ந்த மாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். மேலே சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே நிற்கும் தீ, புகையை எரித்துவிடும். குழி கரியால் நிறைந்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும்.

கார்பன் காசை மறந்துவிடுங்கள். எடை, ஆய்வகச் சோதனை, எந்த நிலத்தில் போட்டது என்ற பதிவு, அப்புறம் வெளியாள் வந்து சரிபார்ப்பது என்று எல்லாம் கேட்பார்கள். ஒரு டிப்பர் தூளுக்குக் கட்டுபடியாகாது.

முதுகுளத்தூர் சம்சாரி:
காசு வராது என்று மருமகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார், நான் சொன்னால் நம்பமாட்டான். சலிக்க மணல் சல்லடை போதுமா?

காளையார்கோவில் கண்மாய்க்கரை:
போதும். மூட்டத்தில் அப்பிய மண்கட்டி நிறைய வரும், அதைத் தள்ளிவிட்டு எடை போடுங்க. புழுதி எழாத அளவுக்கு முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கிட்டு வேலை பாருங்க. செவலில் நாலு சென்ட் கரி போடாமல் விட்டு வையுங்க. காய் பறிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக நிறுத்து, எவ்வளவு வித்தியாசம் என்று இங்கேயே போடுங்க.