உயர்தொழில்நுட்பப் பண்ணைகளுக்குப் பொதுப் பணம்: அடி யாருக்கு?

கிராஞ்சிக்காரன்:
சிங்கப்பூரின் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் இங்கேயே விளைவிப்போம் என்று 2019ல் சொன்ன இலக்கு, 2025 நவம்பரில் மாறிவிட்டது. இப்போது 2035க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்து உணவில் 20, புரத உணவில் 30 விழுக்காடு. இடையில் 2020ல் 9 பண்ணைகளுக்கு மொத்தம் 39.4 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மானியம் போனது. 2021ல் இன்னொரு 60 மில்லியன் நிதி. பெரிய விளம்பரத்தோடு வந்த உள்ளரங்கப் பண்ணைகள் சில மூடியும்விட்டன. 2024 கணக்குப்படி நாம் உண்ணும் காய்கறியில் உள்ளூரில் விளைந்தது சுமார் 3 விழுக்காடுதான்.

என் கேள்வி இரண்டு. இந்தப் பணம் ஏற்கெனவே இருந்த சிறு பண்ணைகளின் வியாபாரத்தைப் பறித்ததா? அதே மானியத்தைச் சிறு பண்ணையும் வாங்கலாம் என்றால் ஏன் எளிதாக வாங்க முடிவதில்லை? திட்ட வேண்டாம், கணக்கோடு யாராவது சொல்லுங்கள்.

உரத்தொட்டி:
முதலில் எந்தப் பணம் என்று பிரிக்க வேண்டும். மேலே நீங்கள் சொன்ன இரண்டும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் மானியம். கருவி வாங்கிய செலவில் ஒரு பங்கு, திரும்பி வராத பணம். தெமாசெக், சீட்ஸ் கேப்பிட்டல் போன்ற அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் போடுவது பங்கு முதலீடு. நிறுவனம் ஜெயித்தால் பெருகித் திரும்பும், தோற்றால் போகும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித் திட்டினால் விவாதம் எங்கும் போய்ச் சேராது.

அடுத்து, யாருக்கு யார் போட்டி? மண்ணில் கங்கோங், சைசிம், தண்டுக்கீரை போன்ற அன்றாடக் கீரைகளைப் போடுகிறவருக்கு, எல்இடி விளக்கொளியில் பயிர் வளர்க்கும் உள்ளரங்கப் பண்ணை போட்டியே இல்லை. அவருடைய போட்டி மலேசியாவின் ஜொகூரிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் விடியுமுன் வந்து சேரும் லாரி.

உள்ளரங்கப் பண்ணையின் மின்கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ லெட்டூஸுக்கு 10 யூனிட் என்பது நன்றாக நடக்கும் பண்ணை. பல இடங்களில் இதைவிட அதிகம். யூனிட் 28 காசு என்று வைத்தால் கிலோவுக்கு 2.80 வெள்ளி, 200 கிராம் பொட்டலத்துக்கு 56 காசு. இது மின்சாரம் மட்டும். விதை, ஊட்டக் கரைசல், ஆள், வாடகை, பொட்டலம், பேரங்காடியின் பங்கு எல்லாம் இதற்கு மேல். மலேசிய சைசிம் பொட்டலமோ ஒரு வெள்ளிக்குச் சற்று முன்பின்னாக விற்கிறது. அதனால் உள்ளரங்கப் பண்ணை சைசிம் பக்கமே வராது. கேல், லெட்டூஸ், துளசி வகை என்று விலை தாங்கும் இலைக்குத்தான் போகும்.

அடி விழுவது இங்கேதான். பசுங்குடிலில் நீர்வழி முறையில் அதே லெட்டூஸைப் போடும் நடுத்தரப் பண்ணைக்கு. பேரங்காடியில் உள்ளூர்ச் சாலட் இலைக்கு இருப்பது இரண்டடி அலமாரி. மானியத்தால் உற்பத்தித் திறன் கூடியதே தவிர அந்த அலமாரி நீளவில்லை. இயந்திரத்தை நிறுத்தினால் நஷ்டம் கூடும் என்பதால் புதிய பண்ணை தள்ளுபடியில் தள்ளிவிடும். அப்படி இறங்கிய விலையைப் பக்கத்துப் பண்ணை தாங்காது. ஒருநாள் புதிய பண்ணை மூடிவிடும். அதற்குள் பழையவரின் இடம் போயிருக்கும்.

மானியம் முதலீட்டுச் செலவைக் குறைத்தது, மாதாமாதம் வரும் மின்கட்டணத்தை அல்ல. 2022ல் மின்விலை ஏறியபோது திணறியவை இந்த உள்ளரங்கப் பண்ணைகள்தாம்.

கோப்புக்கட்டு:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். விதிப்படி உரிமம் பெற்ற எந்தப் பண்ணையும் விண்ணப்பிக்கலாம். இடர் பணப்புழக்கத்தில்.

இங்கே மானியம் பெரும்பாலும் செலவு செய்த பிறகு திரும்பக் கேட்கும் முறை. விலைப்புள்ளி வாங்கி விண்ணப்பிக்க வேண்டும், ஒப்புதல் கடிதம் வந்த பிறகே வாங்க வேண்டும், முழுப் பணமும் கட்டி இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும், ரசீதோடு கோர வேண்டும். அவசரத்தில் ஒப்புதலுக்கு முன்பே முன்பணம் கட்டிவிட்டால் அந்தக் கருவியே கணக்கில் சேராமல் போகலாம். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. குளிர்வூட்டும் கருவி 200,000 வெள்ளி, மானியம் பாதி என்று வைப்போம். முழுத்தொகையும் 7 விழுக்காட்டு வட்டியில் கடன், பணம் திரும்ப வர 9 மாதம். வட்டி 10,500. கையில் நிற்பது 89,500, அதாவது 45 விழுக்காட்டுக்கும் கீழே. முதலீட்டாளர் பணம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த வட்டியே கிடையாது. சிறு பண்ணைக்கு வங்கி கடன் கொடுப்பதே கேள்வி, ஏனென்றால் அடகு வைக்க நிலம் அவருடையதில்லை.

குத்தகையையும் பாருங்கள். பண்ணைகள் நிறைந்த லிம் சூ காங் வட்டாரத்தில் 62 பண்ணைகளின் நிலம் எடுக்கப்படும் என்று 2014ல் அறிவித்து, குத்தகையைத் தவணை தவணையாக 2021 வரை நீட்டினார்கள். மேலே சொன்ன கருவிக்குச் சொந்தக் காசு 100,000. பத்து ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 10,000. குத்தகையில் மீதி நான்கே ஆண்டு என்றால் 25,000. கணக்குத் தெரிந்த எவரும் வாங்கமாட்டார். பிறகு "பாரம்பரியப் பண்ணைகள் நவீனமாகவில்லை" என்று எழுதுவார்கள்! ஏலக்குத்தகையில் புதிதாக நிலம் எடுத்தவர்களுக்கு 20 ஆண்டு. அதே மானியம் அவர்கள் கையில் வேறு பொருள்.

கிராஞ்சிக்காரன்:
தெளிவாக இருக்கிறது. அப்படியானால் முட்டையில் மட்டும் உள்ளூர்ப் பங்கு எப்படிச் சுமார் 34 விழுக்காடு? அங்கேயும் பொதுப் பணம் இருக்கிறதே.

உரத்தொட்டி:
மூன்றே பண்ணை, பல்லாண்டு தேர்ந்த தொழில்நுட்பம், தினமும் எல்லா வீட்டிலும் வாங்கும் பொருள். முட்டை பொறுக்கும் இயந்திரத்துக்கு மானியம் கொடுத்தால் ஆள் செலவு அன்றே குறையும். இலைக்கீரையில் அப்படியில்லை, புதிய சந்தையே உண்டாக்க வேண்டியிருந்தது. வாங்க ஆள் இருக்கும் இடத்தில் மானியம் வேலை செய்யும்.

செலேத்தார் அலை:
கடலை மறந்துவிட்டீர்கள். கடல் மீன்பண்ணைகள் 2023ல் 98, 2024ல் 72. இதற்கு மானியம் வாங்கிய போட்டியாளரைக் குறை சொல்ல முடியாது. 2014, 2015 பாசிப் பெருக்கத்தில் திறந்த வலைக்கூண்டில் இருந்த மீன் கூட்டம் கூட்டமாகச் செத்தது. இரவில் நீரில் ஆக்சிஜன் குறைந்தால் வலைக்கூண்டில் ஒளிய இடமில்லை. மூடிய தொட்டி முறைக்கு மாறினால் தப்பலாம். அந்த முதலீடு ஒரு குடும்பம் நடத்தும் கெலோங்கால் (கடலில் அமைத்த சிறு மீன்பண்ணை) ஆகாது, நடத்துகிறவர்களுக்கு வயதும் ஏறிவிட்டது.

உரத்தொட்டி சொன்ன அலமாரிக் கணக்கில் ஒன்று சேர்க்க வேண்டும். ஏதேனும் ஓர் உணவு வகையிலாவது குறைந்தது 15 விழுக்காட்டை உள்ளூர்ப் பண்ணைகளிடம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் 2023 முதல் அங்கீகாரச் சின்னம் உண்டு. சின்னம் கொடுப்பதோடு நிறுத்தாமல், மானியப் பணத்தில் ஒரு பங்கை வாங்குவோர் பக்கம் திருப்பியிருந்தால் சிறு பண்ணையும் பெரிய பண்ணையும் ஒரே வரிசையில் நின்றிருக்கும்.

கோப்புக்கட்டு:
ஒப்புக்கொள்கிறேன். அரசிடம் கருத்துச் சொல்ல நினைப்பவர்கள் "சிறு பண்ணைக்கு உதவுங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள், பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: திரும்பக் கோரும் தொகையில் பாதியை ஒப்புதலின்போதே தர முடியுமா? குத்தகையில் ஐந்தாண்டுக்குக் குறைவாக மீதமிருக்கும் பண்ணைக்கு இடம் மாற்றக்கூடிய கருவிகளுக்கு மட்டும் தனி விகிதம் உண்டா? பல பண்ணைகள் பகிரும் அடுக்குமாடிக் கட்டடம் வந்தால் அதில் சதுர மீட்டர் வாடகை எவ்வளவு, மின்கட்டணம் யார் பெயரில்?