கிளிக்குப் பூட்டும் ‘ஹார்னஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

பா., கோவை:

குழுவினருக்கு வணக்கம். பறவை வளர்ப்பவர்களுக்கான 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. கூண்டு, தீனி, குளியல் எல்லாம் முடிந்துவிட்டது. கிளியை வெளியே கொண்டுபோகும் பகுதியில் மட்டும் ‘ஹார்னஸ்’ 27 இடத்தில் வருகிறது. பொருள் இதுதான்: மெல்லிய நைலான் பட்டை, ஒரு வளையம் தலைவழியாகக் கழுத்தில் இறங்கும், இன்னொன்று இறக்கைக்கு அடியில் உடம்பைச் சுற்றி வரும், இறக்கை இரண்டும் தாராளமாக விரியும். அதிலிருந்து ஒரு நீளக் கயிறு நம் கைக்கு வரும். இழுத்தால் கொஞ்சம் நீண்டுகொடுக்கிற கயிறு. இரண்டுக்கும் சொல் வேண்டும். முதல் வரைவில் ‘சேணம்’ என்று போட்டேன். படித்துப் பார்த்த என் பையன், “கிளி மேல யாரும்மா ஏறப் போறாங்க?” என்று கேட்டுவிட்டான்.

ந., தஞ்சாவூர்:

பையன் கெட்டிக்காரன். ஆனால் சேணத்தை அவ்வளவு லேசாகத் தள்ளக் கூடாது. சேண் என்றால் தொலைவு, உயரம். சேணுக்குப் போக உதவுவது சேணம் என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன், யாரும் ஏற்கவில்லை, போகட்டும். இப்போது எனக்குத் தோன்றுவது ‘தளை’. மாட்டுக்குத் தளை, யானைக்குத் தளை, செய்யுளுக்கும் தளை. சீரோடு சீரைக் கட்டுவது போலக் கிளியோடு ஆளைக் கட்டுவது. ‘கிளித்தளை’. சொல்லிப் பாருங்கள், கருவிளச் சீராக எவ்வளவு அழகாக நிற்கிறது. கைக்கு வரும் கயிற்றுக்குத் ‘தும்பு’. கன்றைக் கட்டுகிற கயிறு. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கி., மதுரை:

ஐயா, கிளிக்குத் தளை தட்டினால் யார் திருத்துவது? என் ஓட்டு ஹார்னஸுக்கே. வாங்கப் போகிறவர் கடையில் அதைத்தான் கேட்கப் போகிறார். பஸ்ஸை, டிக்கெட்டைச் சேர்த்துக்கொண்ட தமிழ் இதைச் சேர்த்தால் கெட்டுவிடாது.

மே., சென்னை:

நான் தமிழ் படித்தவள் இல்லை, பறவை பார்க்கிற கால்நடை மருத்துவர். தளை வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை நேராகக் காலுக்குப் போகும். போன வருடம் ஒருவர் தன் கிளியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். அதன் காலில் கொலுசு மாதிரி ஒரு மெல்லிய சங்கிலி. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கம்பியில் கட்டியிருக்கிறார். கீழே குக்கர் விசில் அடித்திருக்கிறது, கிளி ஒரே பாய்ச்சல், சங்கிலி தீர்ந்த இடத்தில் கால் எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. பயந்த பறவை முழு வேகத்தில் எழும்பும், அந்த மொத்த வேகத்தையும் தீக்குச்சி கனமுள்ள எலும்பு தாங்க வேண்டும் என்றால் எப்படி? சில பறவைகளுக்குப் பண்ணையிலேயே காலில் வளையம் போட்டு விற்பார்கள். அது அடையாளத்துக்கு, கயிறு கட்ட இல்லை. கையேட்டில் இதைத் தனி வரியாகப் போடுங்கள். சொல் எப்படியும் கிடைத்துவிடும்.

சி., யாழ்ப்பாணம்:

காலில் கட்டுவதில்லை, மாரில் பூட்டுவது என்றால் ‘கச்சை’ இருக்கிறதே. பழைய சொல், மல்லுக்கட்டப் போகிறவனும் கச்சை கட்டித்தான் போனான். மற்றது, தஞ்சாவூர் நயினார் ‘தும்பு’ என்கிறார். எங்கள் பக்கம் தும்பு என்றால் தேங்காய் நார். தும்புத்தடி என்றால் கூட்டுகிற விளக்குமாறு. “கிளியைத் தும்பில் பிடித்துக்கொள்ளவும்” என்று அச்சடித்தால் இங்கே ஆட்கள் கிளியை விளக்குமாற்றில் இருத்திக்கொண்டு வெளிக்கிடுவார்கள்.

கி., மதுரை:

கச்சையா? மார்க்கச்சை என்று தேடினால் கணினியில் என்ன படம் வரும் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘வார்’ போதுமே. செருப்பு வார், பை வார், எல்லோருக்கும் தெரிந்தது.

சி., யாழ்ப்பாணம்:

தம்பி, பழைய பாட்டிலே வார் என்றாலும் அதே மார்க்கச்சுதான். ஓடி ஒளிய இடமில்லை.

மே., சென்னை:

எனக்கும் கச்சை ஒத்துவராது, காரணம் வேறு. கச்சை என்றால் இறுக்கிக் கட்டுவது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் இருக்கிறது, மூச்சு இழுக்க அது உதவும். பறவைக்கு அது கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். மூக்கை மூட வேண்டாம், மாரை அழுத்திப் பிடித்தாலே மூச்சு நின்றுபோகும். அதனால் பட்டை நழுவாமல் இருக்க வேண்டும், நெரிக்கவும் கூடாது. சிறிய பறவைக்கு இந்த அளவு பிடிபடுவதே கஷ்டம். பூட்டியதும் மூச்சு மேல்மூச்சாக வாங்கினால் உடனே கழற்றிவிட வேண்டும்.

பா., கோவை:

மருத்துவர் அம்மா, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், மூலத்தில் கிளி பறந்துவிடாமல் இருக்க இறக்கையின் இறகுகளை வெட்டுவதையும் ஒரு வழியாகச் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்க்கவா, அடிக்குறிப்புப் போடவா?

மே., சென்னை:

அடிக்குறிப்பு கட்டாயம். வெட்டியாயிற்றே என்று தோளில் உட்காரவைத்துக்கொண்டு போகிறார்கள். காற்று ஒரு வீசு வீசினால் வெட்டிய இறக்கையே அதைத் தெருக்கோடி வேப்பமரத்துக்குக் கொண்டுபோய்விடும், அங்கே காக்கைகள் காத்திருக்கும். இறகு முளைத்துவந்ததையும் நிறையப் பேர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பூட்டுள்ள பயணக்கூண்டு, அதற்கு அப்புறம்தான் நீங்கள் பெயர் தேடுகிற பொருள். அதையும் ஒரே நாளில் மாட்டிவிட முடியாது. கூண்டுக்குப் பக்கத்தில் சில நாள் சும்மா கிடக்கட்டும், கொறித்துப் பார்க்கட்டும், தலையை நுழைத்தால் ஒரு சூரியகாந்தி விதை. மாட்டியபின் கம்பத்தில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. கிளி மூக்குக்கு நைலான் ஒரு பொருட்டே இல்லை, ஒவ்வொரு முறையும் கடிபட்ட இடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ந., தஞ்சாவூர்:

ஆண்டாள் கையில் கிளி இருக்கிறது, அதற்குத் தளையும் இல்லை, வாரும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் இலையால் புதிதாகச் செய்து, மாதுளம்பூவை மூக்காக வைத்து, கையில் அமர்த்துகிறார்கள்.

கி., மதுரை:

இலைக் கிளி பறக்காது ஐயா.

இன்னொன்று. ‘கிளி’ என்று சொல்லில் சேர்த்தாலே நம் ஆட்கள் பச்சைக்கிளியைத்தான் நினைப்பார்கள். அதை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கையேடு காக்கடைல், கொன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுக் கிளி வகைகள் பற்றியது என்றால் ‘கிளிவார்’, ‘கிளித்தளை’ எதுவும் வேண்டாம். உடம்பைச் சுற்றுவது, எனவே ‘உடல்வார்’. நாய்க்கும் பூனைக்கும் கூடப் பொருந்தும். கயிற்றுக்குக் ‘கைக்கயிறு’.

சி., யாழ்ப்பாணம்:

உடல்வார் பரவாயில்லை. கச்சையை விட்டுக்கொடுத்ததாக மட்டும் எழுதவேண்டாம்.

ந., தஞ்சாவூர்:

கைக்கயிறு என்பது ஒரு சொல்லா? கையில் இருக்கிற கயிறு, அவ்வளவுதானே. பெயரிடச் சொன்னால் விளக்கம் தருகிறீர்கள். தும்பையே போட்டு இலங்கைப் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

பா., கோவை:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். உடல்வார், கைக்கயிறு என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘கடைகளில் ஹார்னஸ் என்று கேட்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மருத்துவர் சொன்ன கால் சங்கிலி எச்சரிக்கை கட்டம் கட்டி வந்திருக்கிறது.

மே., சென்னை:

நல்லது. இன்றைக்கு எங்கள் மருத்துவமனை உதவியாளரிடம் ‘உடல்வார்’ என்று சொல்லிப் பார்த்தேன், முழித்தார். பொருளை எடுத்துக் காட்டினேன். “இதுவா, கிளிச் சட்டைன்னு சொல்லுங்க” என்றார். வருகிறவர்களிடம் இரண்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறாராம், எல்லோருக்கும் புரிகிறதாம்.

ந., தஞ்சாவூர்:

சட்டை என்றால் பாம்பு உரிப்பதும் சட்டைதானே? இறகு உதிர்க்கிற உயிருக்கு அந்தச் சொல்லை எப்படி… நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.